சென்னை எவ்வளவு பரந்தது: லேண்ட்சாட், சென்டினல், லிஸ்-4, ரேடார் – எந்தக் கேள்விக்கு எந்தப் படம்?

சென்னையைச் சுற்றி எத்தனை வயல் மனையாயிற்று, எந்த ஏரி எவ்வளவு சுருங்கியது என்று கணக்கெடுக்க விரும்பும் மாணவருக்கோ ஊராட்சிக்கோ சூழல் அமைப்புக்கோ இன்று படத்துக்குப் பஞ்சமில்லை. 1972 தொடங்கி இன்றுவரை எடுத்த செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எதை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளிக்கட்டம், எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்று எண்ணிப் பலரும் மிகக் கூர்மையான படத்தைத் தேடிப் போகிறார்கள். சென்னை போன்ற ஊருக்கு அதை முதல் அளவுகோலாக வைக்கக் கூடாது. கோடையில் வறண்டு கிடக்கும் ஏரிப் படுகையும் கான்கிரீட் கூரையும் படத்தில் ஏறக்குறைய ஒரே நிறம்தான். அவற்றைப் பிரித்துக் காட்டுவது கூர்மை அல்ல. ஒரே இடத்தை ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

எல்லையும் அலகும்

படம் தேடுவதற்கு முன் எல்லையை முடிவு செய்யுங்கள். சென்னைப் பெருநகரப் பகுதி நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். மாநகராட்சியின் பரப்பு 2011-இல் 174-இலிருந்து 426 சதுர கிலோமீட்டராயிற்று. ஒவ்வோர் ஆண்டையும் அந்தந்த ஆண்டின் எல்லைக்குள் கணக்கிட்டால், வரைபடத்தில் கோடு நகர்ந்ததுகூட நகர வளர்ச்சியாகக் கணக்கில் ஏறிவிடும். ஏதாவது ஓர் எல்லையை எடுத்து, அதையே எல்லா ஆண்டுக்கும் வையுங்கள். விழுக்காட்டை மட்டும் சொல்லாமல் சதுர கிலோமீட்டரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படம் காட்டுவது நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்பதை. அது எதற்குப் பயன்படுகிறது, யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் அது காட்டாது. மண்சாலை போட்டு, எல்லைக்கல் நட்டு, விற்றும் முடிந்த ஒரு வயல் பல ஆண்டுகள் புல்லும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கும். பத்திரத்தில் அது வீட்டுமனை, படத்தில் புதர். ஆகவே ‘கட்டடமானது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘குடியிருப்பானது’ என்று எழுதாதீர்கள். விவசாயம் எப்போது நின்றது என்பதே உங்கள் கேள்வியானால், தேட வேண்டியது கட்டடத்தை அல்ல. பயிர்ப் பச்சை எந்த ஆண்டு கடைசியாக வந்து போனது என்று பாருங்கள்.

பிக்சல் அளவை மீட்டரில் சொன்னால் நம் ஊரில் எவருக்கும் மனதில் நிற்காது, கிரவுண்டில் சொல்வோம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் 30 மீட்டர் பிக்சல் ஒன்று 900 சதுர மீட்டர்: நான்கு கிரவுண்டு. இஸ்ரோவின் லிஸ்-3 கேமராப் படத்தின் 23.5 மீட்டர் பிக்சல் இரண்டரைக் கிரவுண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-2-இன் 10 மீட்டர் பிக்சல் அரைக் கிரவுண்டுக்கும் சற்றுக் குறைவு. லிஸ்-4-இன் 5.8 மீட்டர் பிக்சல் சுமார் 360 சதுர அடி, ஓர் அறையும் தாழ்வாரமும் சேர்ந்த அளவு.

ஒரு மாற்றத்தை உறுதியாகச் சொல்ல ஒரு பிக்சல் போதாது. விளிம்புப் பிக்சலில் பாதி கூரையும் பாதி மரமும் கலந்திருக்கும். மூன்றுக்கு மூன்று, ஒன்பது பிக்சலாவது மாறியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், லேண்ட்சாட்டில் நம்பிச் சொல்லக்கூடிய மிகச் சிறிய மாற்றம் 8,100 சதுர மீட்டர். அது இரண்டு ஏக்கர். சென்டினல்-2-இல் அதே கணக்கு நான்கு கிரவுண்டில் வந்து நிற்கும். உங்கள் கேள்வி தனி வீடுகளைப் பற்றியதா, மனைப்பிரிவுகளைப் பற்றியதா என்று இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

லேண்ட்சாட்: நீண்ட நினைவு

1990-இல் பழைய மகாபலிபுரம் சாலை எப்படி இருந்தது, டைடல் பார்க் வந்த 2000-த்தில் எப்படி, இன்று எப்படி என்று கேட்டால் லேண்ட்சாட்டைத் தவிர ஒரே சீரான தொடர் வேறில்லை. முதல் லேண்ட்சாட் 1972-இல் ஏவப்பட்டது. 30 மீட்டர் படம் 1982-இல் லேண்ட்சாட்-4-உடன் தொடங்கி, 1984-இல் ஏவிய லேண்ட்சாட்-5 வழியாக 2011 வரை வந்தது. 1999-இல் லேண்ட்சாட்-7, 2013-இல் 8, 2021-இல் 9. ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். இப்போது 8-உம் 9-உம் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒரு படம் தருகின்றன. படம் தேட உதவும் காட்சி எண்ணில் சென்னை விழுவது பாதை 142, வரிசை 51-இல். ஒரு காட்சி 185 கிலோமீட்டர் அகலம் என்பதால் நகரத்தைத் துண்டு துண்டாக ஒட்ட வேண்டியதில்லை.

இதில் சிக்கல் மூன்று இடத்தில் வரும். முதலாவது, லேண்ட்சாட்-7. 2003 மே 31 அன்று அதன் வரி திருத்தும் கருவி பழுதாயிற்று. அதன் பிறகு வந்த ஒவ்வொரு காட்சியிலும் சுமார் 22 விழுக்காடு கருப்புக் கோடுகளாகக் காணாமல் போயிருக்கும். 2012-க்கு வேறு லேண்ட்சாட் கிடையாது. அந்த ஓர் ஆண்டை அடிப்படை ஆண்டாக எடுக்காதீர்கள். 2011 அல்லது 2013 எடுத்தால் ஒரு வேலை மிச்சம்.

இரண்டாவது, 1970-களின் படங்கள். அவை 60 மீட்டராக மாற்றித் தரப்படுகின்றன. ஒரு பிக்சல் 16 கிரவுண்டு. குறுஅலை அகச்சிவப்பு பேண்டும் (கண்ணுக்குத் தெரியாத ஒளியின் ஒரு பகுதியைத் தனியாகப் பதியும் அடுக்கு) அவற்றில் கிடையாது. அவற்றையும் 30 மீட்டர் படங்களையும் ஒரே வகைப்படுத்தலில் (ஒவ்வொரு பிக்சலும் கட்டடமா, பயிரா, நீரா என்று கணினி பிரிப்பது) போட்டு, ‘1975-க்கும் 2025-க்கும் இடையே இத்தனை மடங்கு’ என்று எழுதினால், கருவி மாறியதும் அந்த மடங்குக்குள் சேர்ந்துவிடும். எழுபதுகளைக் கண்ணால் பார்த்துக் கோடு போட மட்டும் பயன்படுத்துங்கள். மூன்றாவது, பழைய கருவிக்கும் 2013-க்குப் பிந்தைய கருவிக்கும் பேண்டு அகலம் வேறு. அண்மை அகச்சிவப்பு பேண்டு புதியதில் குறுகலானது. 2005-க்குப் பழக்கிய வகைப்படுத்தியை அப்படியே 2020-க்கு ஓட்டாமல், ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பயிற்சி மாதிரி (வகை ஏற்கெனவே தெரிந்த புள்ளிகள்) எடுங்கள்.

ஆவணத்தில் எல்லா ஆண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் படம் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஆய்வாண்டுகளை முதலில் தாளில் எழுதிவிட்டுப் படம் தேடுவதைவிட, மேகம் குறைந்த படங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு ஆண்டைத் தேர்வதே நடைமுறை.

சென்டினல்-2: கடந்த எட்டு ஆண்டுக்கு முதல் தேர்வு

சென்டினல்-2ஏ 2015 ஜூனிலும், 2பி 2017 மார்ச்சிலும் ஏவப்பட்டன. இரண்டும் சேர்ந்தபோது ஐந்து நாளுக்கு ஒரு படம் கிடைத்தது, ஆண்டுக்கு எழுபதுக்கும் மேல். மழைக்கால மேகத்தைக் கழித்த பின்னும் ஒவ்வொரு பருவத்துக்கும் படம் மிஞ்சும். 2024 செப்டம்பரில் 2சி ஏவப்பட்டது. 2017-க்கு முன் ஒரே செயற்கைக்கோள்தான் இருந்தது. அந்தக் காலத்துக்குப் படம் பாதியாகக் குறையும்.

நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என்ற நான்கு பேண்டுகள் மட்டுமே 10 மீட்டர். கட்டடத்தைப் பிரிக்க உதவும் குறுஅலை அகச்சிவப்பு 20 மீட்டர். கட்டடக் குறியீட்டை (அதன் சூத்திரம் பின்னால் வருகிறது) கணக்கிட்டு ‘10 மீட்டர் வரைபடம்’ என்று அச்சிடுவோர் உண்மையில் தருவது 20 மீட்டர் தகவலை. குற்றமில்லை, ஆனால் அறிக்கையில் சொல்ல வேண்டும்.

சென்டினல்-2 படங்கள் ‘ஓடு’ எனப்படும் சதுரத் துண்டுகளாக வருகின்றன. சென்னை இரண்டு ஓடுகளில் விழுகிறது. கடற்கரையும் மாநகரமும் 44பிஎம்வி ஓட்டில். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அதற்கு மேற்கே 44பிஎல்வி ஓட்டில். தொழிற்பேட்டைகளின் வளர்ச்சியை விட்டுவிடாமலிருக்க இரண்டையும் எடுக்க வேண்டும்.

இதில் பலரைக் கவிழ்க்கும் ஒரு குழி உண்டு. 2022 ஜனவரி 25 முதல் வெளியான படங்களில் ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1,000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: செழிப்பான ஒரு தோப்பில் சிவப்பு 500, அண்மை அகச்சிவப்பு 3,500 என்றால் தாவரக் குறியீடான என்டிவிஐ (இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது) 0.75. இரண்டிலும் 1,000 கூடினால் 1,500-உம் 4,500-உம், குறியீடு 0.5-ஆகச் சரிந்துவிடும். மரம் ஒன்றுகூட வெட்டப்படாமலே 2022-இல் நகரம் முழுக்கப் பச்சை அழிந்ததாக வரைபடம் சொல்லும். படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் ‘ஹார்மனைஸ்டு’ என்று பெயர் கொண்ட தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. நேரடியாகத் தரவிறக்குபவர்கள் தாமே கழிக்க வேண்டும். லேண்ட்சாட் கலெக்‌ஷன்-2-க்கும் இதே எச்சரிக்கை: மதிப்பை 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழித்த பிறகுதான் குறியீடு கணக்கிட வேண்டும்.

லிஸ்-4: கண்ணுக்கு நல்லது, கணினிக்குக் கடினம்

இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட்-2 (2011), 2ஏ (2016) இரண்டிலும் லிஸ்-4 இருக்கிறது. ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் பதிவு செய்து பெறலாம். 5.8 மீட்டர் என்பதால் மனைப்பிரிவின் உள்சாலைகள், ஏரிக்கரை, கால்வாய் எல்லாம் துல்லியமாகத் தெரியும்.

ஆனால் பேண்டு மூன்றுதான்: பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு. குறுஅலை அகச்சிவப்பு இல்லாததால் காய்ந்த மண்ணையும் கூரையையும் கணினி பிரிப்பது சென்டினல்-2-ஐவிடக் கடினம். கூர்மை கூடியும் வகைப்படுத்தல் தடுமாறுவது இதனால்தான். மேகமில்லாத காட்சிகளும் ஆண்டுக்குச் சிலவே தேறும். எனவே லிஸ்-4-ஐ வகைப்படுத்தியில் போட்டு நகரம் முழுவதையும் அளக்க முயல வேண்டாம். குறிப்பிட்ட ஏரி, குறிப்பிட்ட ஊராட்சி என்று எடுத்து, திரையில் பார்த்துக் கையால் எல்லை வரைவதற்கு இதைவிட நல்ல இலவசப் படம் இல்லை.

வரைவதற்கு முன் இடப்பொருத்தம் பாருங்கள். வேறு மூலத்திலிருந்து வந்த படத்தோடு ஒப்பிடும்போது சில பிக்சல் நகர்ந்திருப்பது வழக்கம். பாலத்தின் முனை, சாலைச் சந்திப்பு, மீனம்பாக்கம் ஓடுபாதைகள் வெட்டிக்கொள்ளும் இடம் போன்ற அசையாத புள்ளிகள் பத்துப் பதினைந்து எடுத்துப் பொருத்துங்கள். பிழை அரைப் பிக்சலுக்குள் வர வேண்டும். ஏரிக்கரை நெடுக ஒரே பக்கமாக மெல்லிய கோடாக ‘மாற்றம்’ தெரிந்தால் அங்கே ஆக்கிரமிப்பு நடந்திருக்காது, படம்தான் நகர்ந்திருக்கிறது.

ரிசோர்ஸ்சாட் வரிசையின் லிஸ்-3-இல் குறுஅலை அகச்சிவப்பு உண்டு, பிக்சல் 23.5 மீட்டர். தேசிய அளவிலான 1:50,000 நிலப்பயன்பாட்டு வரைபடங்கள் 2005-06, 2011-12, 2015-16 சுற்றுகளில் இதைக் கொண்டுதான் தயாராயின. அவை இஸ்ரோவின் புவன் தளத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. மாவட்ட அளவில் ஒரு பொதுச் சித்திரம் போதும் என்பவர் புதிதாக வரைவதற்கு முன் அவற்றைப் பார்த்துவிடுங்கள்.

ரேடார்: மேகத்துக்கு மாற்று

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் ஒளிப்படத்தை நம்ப முடியாது. ஏரிக்குள் மண் கொட்டுவது அந்த மூன்று மாதத்தில் நடந்தால் ஒளிப்படத்தில் தெரிய ஜனவரி ஆகும். சென்டினல்-1-இன் சி-பேண்ட் ரேடார் தானே ரேடியோ அலை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவதால் மேகத்தையும் இரவையும் பொருட்படுத்தாது. 2014-இல் தொடங்கி 12 நாளுக்கு ஒரு படம் தருகிறது. அமைதியான நீர் கருப்பாகவும், தரையும் சுவரும் சேரும் மூலையில் பட்டுத் திரும்பும் அலையால் கட்டடம் பளிச்சென்றும் தெரியும். கருப்பு மெல்ல வெளுத்தால் நிரப்பப்படுகிறதோ என்று சந்தேகிக்கலாம்.

இதை மட்டும் வைத்து நகரப் பரப்பை அளக்க வேண்டாம். ரேடார் நோக்கும் திசைக்குச் சாய்வாகத் தெருக்கள் ஓடும் பகுதியில் கட்டடம் மங்கும். அதே நேரம் மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் கன்டெய்னர் கிடங்குகளும் வண்டிகள் வரிசையாக நிற்கும் திடல்களும் கட்டடத்தைவிடப் பளிச்சிடும். ஆகாயத்தாமரை மூடிய ஏரியும் நீர்போலத் தெரியாது. ஒரே படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் இருக்கும். ஆண்டின் முப்பது படங்களின் இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எடுத்தால் அவை அடங்கும். செயற்கைக்கோள் வடக்கு நோக்கிப் போகும்போது எடுத்ததையும் தெற்கு நோக்கி வரும்போது எடுத்ததையும் கலக்காதீர்கள்; ஒரே சுற்றுப்பாதை எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒளிப்படக் குறியீடுகளோடு ரேடாரின் ஆண்டு இடைநிலையையும் ஏற்ற இறக்க அளவையும் இரண்டு கூடுதல் பேண்டாகச் சேர்த்தால் வறண்ட மண்ணையும் கட்டடத்தையும் பிரிப்பதில் பலன் நன்றாகத் தெரியும்.

தயார் வரைபடங்கள்

நாமே செய்யாமல், செய்து வைத்ததை எடுத்துக்கொள்ளலாமே என்பது நியாயமான கேள்வி. ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்டுகவர் 2020, 2021 ஆண்டுகளுக்கு 10 மீட்டரில் இருக்கிறது. ஆனால் இரண்டையும் வெவ்வேறு வழிமுறைப் பதிப்பில் தயாரித்தார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது பெரிதும் பதிப்பு வேறுபாடு. மாற்றம் கணக்கிட அதை எடுக்கவே கூடாது.

கூகுளின் டைனமிக் வேர்ல்டு ஒவ்வொரு சென்டினல்-2 படத்துக்கும் தனியாக வகை சொல்கிறது. ஒரே தேதியை எடுத்தால் தரிசு நிலம் இன்று கட்டடம், நாளை பயிர் என்று அலையும். ‘கட்டடமாக இருக்கும் வாய்ப்பு’ என்ற மதிப்பை ஓராண்டு முழுக்கச் சராசரி எடுத்தால் பயன்படுகிறது. ஜெர்மன் விண்வெளி மையத்தின் வேர்ல்டு செட்டில்மென்ட் ஃபுட்பிரின்ட் பரிணாமப் பதிப்பு 1985 முதல் 2015 வரை ஆண்டுவாரியாக, 30 மீட்டரில் குடியிருப்புப் பரவலைத் தருகிறது. நகர அளவில் ஒரு வரைபடம் மட்டும் வேண்டுபவருக்கு இதுவே போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎச்எஸ்எல் 1975-இலிருந்து ஐந்தைந்து ஆண்டாக 100 மீட்டரில் உண்டு. பல நகரங்களை ஒப்பிட நல்லது, ஊராட்சி அளவுக்கு இறங்காது. கூகுளின் ஓபன் பில்டிங்ஸ் காலத்தொடர் 2016 முதல் 2023 வரை கட்டட இருப்பையும் உயரத்தையும் மதிப்பிட்டுத் தருகிறது. தெரு அளவில் பார்க்க விரும்புபவர் முதலில் இதைத் திறந்து பாருங்கள்.

இவற்றில் எதிலும் ‘ஏரி’ என்று ஒரு வகை கிடையாது. மழைக்குப் பின் நீர், தையில் புல், சித்திரையில் வெடித்த மண் என்று ஓராண்டில் மூன்று வேடம் போடும் நம் ஏரியை உலகளாவிய வரைபடம் ஏதாவது ஒன்றில் அடைத்துவிடும். 1,247.54 ஹெக்டேருக்கு 2022-இல் ராம்சார் (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பும் அப்படியே: கோரைப்புல் நிறைந்த பகுதி புல்வெளி என்றும், காய்ந்த ஓரம் வெற்று நிலம் என்றும் பதிவாகக்கூடும். நீர்நிலையைப் பற்றிக் கவலைப்படுபவர் தம் வகைகளைத் தாமே அமைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

காய்ந்த ஏரியா, கான்கிரீட்டா?

பரவலாகச் செய்யப்படும் முறை இது: பழைய ஆண்டில் ஒரு படம், புதிய ஆண்டில் ஒரு படம், இரண்டிலும் கட்டடக் குறியீட்டைக் கணக்கிட்டு, ஒரு வரம்புக்கு மேல் உள்ளதையெல்லாம் கட்டடம் என்று எடுத்துக் கழிப்பது. கட்டடக் குறியீடு என்பது குறுஅலை அகச்சிவப்பிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. காய்ந்த மண்ணும் குறுஅலை அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். எனவே மேகமில்லை என்பதற்காக மே மாதப் படம் எடுத்தால் ஏரிப் படுகை, அறுவடை முடிந்த வயல், திரிசூலம் பக்கத்துக் கல் குவாரி, கேளம்பாக்கத்து உப்பளம் எல்லாம் கட்டடக் கணக்கில் சேரும். பழைய படம் நல்ல மழை ஆண்டிலும் புதிய படம் 2019 போன்ற வறட்சி ஆண்டிலும் அமைந்துவிட்டால், நகரம் ஏரிகளையெல்லாம் விழுங்கியதாக அறிக்கை வரும். அந்த அறிக்கையை ஒரே ஒரு மழைக்காலம் பொய்யாக்கிவிடும். பிறகு உண்மையான ஆக்கிரமிப்பைச் சுட்டினாலும் எவரும் நம்ப மாட்டார்கள். அதுதான் பெரிய இழப்பு.

தீர்வு எளிது. கான்கிரீட் எந்த மாதத்திலும் பச்சையாவதில்லை, நீராவதும் இல்லை. வயலும் ஏரியும் ஆண்டில் ஒருமுறையாவது அப்படி ஆகும். கேள்வியை ‘இன்று என்ன நிறம்’ என்பதிலிருந்து ‘ஆண்டு முழுக்க ஒருமுறையாவது பச்சையானதா, நனைந்ததா’ என்று மாற்றிவிட்டால் போதும்.

ஆண்டை ஜனவரியில் தொடங்காமல் ஜூனில் தொடங்கி மே மாதத்தில் முடியுங்கள். அப்போதுதான் ஒரு முழு மழைக்காலமும், அதில் நிரம்பிய ஏரி வற்றும் காலமும் ஒரே ஆண்டுக்குள் அடங்கும். மேகத்தை நீக்குங்கள். லேண்ட்சாட்டில் அதற்கு உதவுவது, படத்தோடு வரும் தரக்குறிப்பான க்யூஏ பிக்சல் பேண்டின் 1, 3, 4-ஆம் பிட்டுகள் (மேக விளிம்பு, மேகம், மேக நிழல்). சென்டினல்-2-இல் ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெளிவு என்று 0 முதல் 1 வரை மதிப்பிடும் கிளவுட் ஸ்கோர் பிளஸ்; 0.6-க்குக் கீழே உள்ளதை நீக்கித் தொடங்கலாம். சென்டினலோடு வரும் வகைப்பாட்டு அடுக்கு வெள்ளைக் கூரைகளையும் கடற்கரை மணலையும் சில வேளை மேகம் என்று நீக்கிவிடும். நீக்கிய பின் ஒவ்வொரு பிக்சலுக்கும் எத்தனை படம் மிஞ்சியது என்ற எண்ணிக்கையைத் தனி வரைபடமாகப் பாருங்கள். தொழிற்பேட்டைக் கூரைகளில் மட்டும் எண்ணிக்கை சட்டென்று குறைந்தால் இதுதான் காரணம்.

மிஞ்சிய படங்களிலிருந்து என்டிவிஐ-யின் 95-ஆம் சதமானம் (நூற்றில் 95 மதிப்புகள் இதற்குக் கீழே இருக்கும்), நீர்க்குறியீட்டின் 90-ஆம் சதமானம், என்டிவிஐ-யின் 10-ஆம் சதமானம், குறுஅலை அகச்சிவப்பின் இடைநிலை ஆகியவற்றை அடுக்காக எடுங்கள். உச்ச மதிப்பை நேரடியாக எடுத்தால் நீங்காத ஒரு மேகத் துணுக்கோ நிழலோ கணக்கைக் கெடுக்கும். சதமானம் எடுப்பது அதற்காகத்தான். 95-ஆம் சதமானம் 0.25-ஐக்கூடத் தொடாத பிக்சலைக் கட்டடமாக இருக்கலாம் என்று தொடங்கி, உங்கள் பகுதிக்கேற்ப வரம்பை நகர்த்துங்கள். அடையாறு, அண்ணா நகர் போன்ற மரமடர்ந்த பழைய குடியிருப்புகள் இந்த வரம்புக்கு மேலேதான் இருக்கும். அவற்றுக்கு ‘மரத்தோடு கூடிய குடியிருப்பு’ என்று தனிப் பயிற்சி மாதிரி தர வேண்டும்.

வகைக்கு நூறு முதல் இருநூறு மாதிரிப் புள்ளிகள், ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற வகைப்படுத்தும் முறையில் நூறு முடிவு மரங்கள் என்பது நல்ல தொடக்கம். குவாரி, உப்பளம், குப்பைமேடு மூன்றையும் கட்டாயம் தனி வகைகளாக வையுங்கள். இவை ஆண்டு முழுக்கப் பச்சையாகாதவை, எனவே மேற்சொன்ன தந்திரம் இவற்றிடம் பலிக்காது. பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைமேடுகளின் எல்லையைக் கையால் வரைந்து ஒதுக்கிவிடுவதே சுருக்கு வழி.

எல்லா ஆண்டும் முடிந்ததும் ஒவ்வொரு பிக்சலின் வரலாற்றைப் பாருங்கள். கட்டடம், பயிர், கட்டடம் என்று வந்தால் நடுவாண்டு பிழை. தொடர்ந்து மூன்று ஆண்டு கட்டடமாக நின்றதையே வளர்ச்சியாக எண்ணுங்கள். ஏரியில் ஆக்கிரமிப்பு அகற்றப்பட்ட இடங்களில் மட்டும் இந்த விதியைத் தளர்த்த வேண்டும்; அங்கே கட்டடம் உண்மையிலேயே மறைந்திருக்கும்.

எண்ணை வெளியிடும் முன்

இரண்டு வரைபடமும் தனித்தனியே 90 விழுக்காடு சரி என்றால், பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருக்கும்பட்சத்தில், அவற்றைக் கழித்து வரும் மாற்ற வரைபடம் 81 விழுக்காடுதான் சரி. அதனால் பிக்சலை எண்ணிப் பரப்பைச் சொல்லக் கூடாது. மாற்ற வரைபடத்தையே மாதிரிப் புள்ளிகளால் சோதித்துத் திருத்த வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: 1,000 சதுர கிலோமீட்டரில் வரைபடம் 50-ஐப் புதுக் கட்டடம் என்றும், 400-ஐப் பழைய கட்டடம் என்றும், 550-ஐக் கட்டடமற்றது என்றும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். புதுக் கட்டடத்தில் 100 புள்ளி போட்டு, கூகுள் எர்த்தின் பழைய படங்களில் பார்த்ததில் 70 சரி. பழைய கட்டடத்தில் 200 புள்ளி. அவற்றில் 1 உண்மையில் புதுக் கட்டடம். கட்டடமற்றதில் 300 புள்ளி. அவற்றில் 3 உண்மையில் புதுக் கட்டடம். திருத்திய பரப்பு: 50-இல் 70 விழுக்காடு 35, 400-இல் 200-க்கு 1 என்றால் 2, 550-இல் நூற்றுக்கு ஒன்று 5.5. மொத்தம் 42.5 சதுர கிலோமீட்டர். வரைபடம் சொன்ன 50-ஐ அப்படியே அச்சிட்டிருந்தால் ஏழரை சதுர கிலோமீட்டர் இல்லாத நகரத்தைச் சேர்த்திருப்போம். கட்டடமற்றது என்ற பெரிய வகையில் விடுபட்ட மூன்றே புள்ளிகள் ஐந்தரை சதுர கிலோமீட்டரைக் கூட்டுவதைக் கவனியுங்கள். அங்கே புள்ளிகளைக் குறைத்துச் சோம்பல்படக் கூடாது.

புள்ளியைப் பார்ப்பவருக்கு வரைபடம் என்ன சொன்னது என்று தெரியக் கூடாது. கூகுள் எர்த்தில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் படத் தேதி வேறாக இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் தேதியை எழுதி வையுங்கள். உயரமான கட்டடம் அந்தப் படங்களில் சாய்ந்து தெரியும், அடித்தளத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எனவே, எதை எடுப்பது?

1990 முதலான முழு நகர வளர்ச்சிக்கு லேண்ட்சாட், ஐந்தாண்டு இடைவெளியில், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்பின் ஓராண்டுப் படங்களையும் சேர்த்து. 2018-க்குப் பிந்தைய மாற்றத்துக்கு, பேரூராட்சி அளவில், சென்டினல்-2-உம் சென்டினல்-1-உம் சேர்ந்த அடுக்கு. பெரும்பாலான வேலைக்கு இதுவே எங்கள் பரிந்துரை. இரண்டையும் ஒரே வரைகோட்டில் ஒட்டாதீர்கள். 2018 முதல் 2021 வரை இரண்டிலும் தனித்தனியே கணக்கிட்டு வித்தியாசத்தை அருகருகே காட்டுங்கள். மழைக்காலத்தில் நடக்கும் நிரப்பலைக் கண்காணிக்க ரேடார் மட்டுமே உதவும். காசு கொடுத்து வாங்கும் அரை மீட்டர்ப் படம் ஒரு குறிப்பிட்ட வழக்குக்கோ ஓர் ஏரிக்கோ தேவைப்படலாம். நகரம் முழுவதற்கும் வாங்குவது பணவிரயம், ஏனெனில் ஆண்டுக்கு ஒரு தேதிக்கு மேல் வாங்க முடியாது, ஒரு தேதியை வைத்துக்கொண்டு வறண்ட படுகையை அடையாளம் காணவும் முடியாது.

ஒரு நீர்நிலையின் ஆக்கிரமிப்பு என்றால் லிஸ்-4-இல் கையால் வரைந்து, அதன் மேல் சர்வே எண்களின் எல்லையைக் காட்டும் எஃப்எம்பி (புல அளவை) வரைபடத்தைப் பொருத்த வேண்டும். அங்கேயும் எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு பிக்சல், சுமார் 12 மீட்டர், தீர்ப்புச் சொல்லாத பட்டையாக விடுங்கள். சென்டினல்-2-இல் அது 20 மீட்டர். அந்தப் பட்டையைத் தாண்டி நீர்நிலைப் பக்கம் தெளிவாக விழும் சர்வே எண்களை ஒரு பட்டியலாகவும், பட்டையில் விழுபவற்றை வேறு பட்டியலாகவும் எழுதி, இரண்டாவது பட்டியலைச் சர்வேயரிடம் களத்தில் அளக்கக் கொடுங்கள்.